மனநோய்களை அறிந்துகொள்வோம்

மூத்தோருக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும்
கோல சிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டப்புற மக்களுக்கான சுகாதாரப் பாடம்



இனிப்புநீர் என்றால் என்ன, இரத்தக் கொதிப்பு என்றால் என்ன என்று இன்று நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். இனிப்பு எத்தனை, பிரஷர் எத்தனை என்று கோயில் வாசலில் நின்றுகூடப் பேசிக்கொள்கிறோம். ஆனால் மனநோய் என்று வரும்போது நம்மிடம் இருப்பது ஒரே ஒரு சொல்தான்: பைத்தியம். துக்கத்தில் சாப்பிடாமல் கிடப்பவர், காதில் குரல் கேட்பவர், வீட்டுக்கு வழி மறந்தவர் எல்லாரையும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்தே பலர் கிளினிக் பக்கம் போவதில்லை.

மனநோய்கள் பல வகை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு, தனி அறிகுறி உண்டு, தனிச் சிகிச்சை உண்டு. எது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இந்தப் பாடம் அதற்காகத்தான். இதில் வரும் எடுத்துக்காட்டு மனிதர்கள் கற்பனை. அவர்களுடைய நிலைமைகள் நம் வீடுகளில் நடப்பவை.

1. மனநோய் என்றால் என்ன?

இதயம், சிறுநீரகம் போல மூளையும் ஓர் உறுப்பு. அதன் வேலையில் கோளாறு வரும்போது நம் எண்ணம், உணர்ச்சி, தூக்கம், நடத்தை ஆகியவை மாறுகின்றன.

எல்லாக் கவலையும் நோய் ஆகாது. மகள் வீட்டுக்கு வரவில்லை என்று இரண்டு நாள் வருத்தப்படுவது இயல்பு. நோயா, இல்லையா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும்:

• மாற்றம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கிறதா?
• சாப்பாடு, தூக்கம், வேலை, மனிதரோடு பழகுவது ஆகியவற்றைக் கெடுக்கிறதா?

இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பரம்பரை, மூளையின் இரசாயன மாற்றம், உடல் நோய், பெரிய இழப்பு, தனிமை, குடி எனக் காரணங்கள் பல. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்தே நோய் வருகிறது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. முன்வினைப் பாவமோ, வளர்ப்பின் குறையோ காரணம் ஆகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதாவது ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தார்.

2. ‘தஞ்சோங் ரம்புத்தான்’ பயம்

நம் மக்கள் ஒருவரைக் கேலி செய்ய ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்பார்கள். பேராக்கில் உள்ள அந்த மனநல மருத்துவமனை 1911-ல் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. ‘பஹாகியா’ என்றால் மகிழ்ச்சி. அந்தக் காலத்தில் நல்ல மருந்துகள் இல்லை. அங்கே போனவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அந்த நினைவுதான் இன்னும் நம்மைப் பயமுறுத்துகிறது.

இன்று நிலைமை வேறு. மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறுகிறார்கள். இனிப்புநீர் மாத்திரை கொடுக்கும் அதே சுகாதார கிளினிக்கில் மனநலப் பரிசோதனையும் செய்கிறார்கள். தேவைப்பட்டால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, சுங்கை பூலோ மருத்துவமனை, செலாயாங் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். வார்டில் சேர்த்தாலும், நிலைமை சீரானதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

3. முக்கிய வகைகள்

அ. மனச்சோர்வு
(கிளினிக் தாளில் ‘கெமுருங்ஙான்’ என்று இருக்கும். ‘மன அழுத்தம்’ என்றும் சொல்வதுண்டு.)

எடுத்துக்காட்டு: முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி. தோட்டம் கைமாறிய பிறகு மகனோடு தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். பழைய லயத்து மனிதர்கள் யாரும் அருகில் இல்லை. முதலில் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு டிவி பார்ப்பதையும் நிறுத்தினார். ‘உடம்பெல்லாம் வலி, பசி இல்லை’ என்று மட்டும் சொல்கிறார். மூன்று கிளினிக் பார்த்தும் வலி போகவில்லை.

வயதானவர்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ‘துக்கமாக இருக்கிறது’ என்று அவர்கள் சொல்வது குறைவு. உடல் வலி, பசியின்மை, எடை குறைதல், களைப்பு, ஞாபக மறதி, எரிச்சல் என்றுதான் சொல்வார்கள். அதனால் குடும்பத்தாருக்கும் தெரிவதில்லை, சில வேளை மருத்துவருக்கும் தெரிவதில்லை.

தூக்கத்தையும் கவனியுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுவது தோட்டத்துப் பழக்கம், அதில் தவறில்லை. இரண்டு மணிக்கே விழித்து, மறுபடி தூக்கம் வராமல், ‘ஏன் விடிகிறது’ என்று பாரமான மனதோடு படுத்துக்கிடப்பது நோயின் அடையாளம்.

உங்களையே கேட்டுப் பாருங்கள்:
• கடந்த இரண்டு வாரமாக, பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருக்கிறேனா?
• முன்பு பிடித்த விஷயங்களில் இப்போது நாட்டமே இல்லையா?

ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

துணையை இழந்த துக்கமும் மனச்சோர்வும் ஒன்றா? துக்கம் அலை போல வரும், போகும். இடையில் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க முடியும். மனச்சோர்வில் அந்த இடைவெளி இருக்காது. ‘நான் யாருக்கும் பாரம்’ என்ற எண்ணம் விடாமல் துரத்தும்.

2018-ல் நாடு முழுவதும் நடந்த சுகாதார ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 11 பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் காணப்பட்டன. நீங்கள் மட்டும் தனியாக இல்லை.

சிகிச்சை: மனநல ஆலோசனையும் மருந்தும். தைராய்டு குறைபாடு, இரத்தச்சோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் முதலில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இந்த மருந்துக்கு யாரும் அடிமையாவதில்லை.

ஆ. பதற்ற நோய்
(‘கெரெசாஹான்’)

எடுத்துக்காட்டு: ஓர் ஐயா. மகன் வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை நெஞ்சு படபடக்கிறது. மோட்டார் சத்தம் கேட்டால் விபத்துச் செய்தியோ என்று கை நடுங்குகிறது. ஒரு நாள் பஸ்ஸில் திடீரென மூச்சடைத்து, வேர்த்து, ‘உயிர் போகிறது’ என்று பயந்துவிட்டார். மருத்துவமனையில் இதயத்தைச் சோதித்தார்கள், இதயம் நன்றாக இருந்தது. அன்று முதல் அவர் பஸ் ஏறுவதில்லை.

திடீரென வந்து, சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், தானே அடங்கும் இந்தப் பயத்தைத் திகில் தாக்கம் என்பார்கள். நாள் முழுவதும் ஓயாத கவலை இருந்தால் அது பொதுப் பதற்ற நோய். கதவைப் பூட்டினோமா என்று பத்து முறை பார்ப்பது, கை தோல் உரியும்வரை கழுவுவது போன்றவை எண்ணச் சுழற்சி நோய். விபத்து, அடி உதை, வெள்ளம் போன்றவற்றுக்குப் பின் அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருவதும் ஒரு நோய்தான். 2021 டிசம்பர் பெருவெள்ளத்தில் சிலாங்கூரில் வீடு மூழ்கியவர்களில் யாருக்காவது இன்றும் பலத்த மழை பெய்தால் தூக்கம் போய்விடுகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கவனிக்க: நெஞ்சு வலி வந்தால் ‘இது பதற்றம்தான்’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முதலில் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இதயம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகே அடுத்ததை யோசிக்கலாம்.

சிகிச்சை: மூச்சுப் பயிற்சி, பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பேச்சுச் சிகிச்சை, மருந்து. பக்கத்து வீட்டாரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அவ்வகை மாத்திரைகளில் சில பழகிவிட்டால் விடுவது கடினம். வயதானவர்கள் இரவில் எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிவதற்கும் அவை காரணமாகின்றன.

இ. மனச்சிதைவு நோய்
(‘ஸ்கிஸோஃப்ரினியா’)

எடுத்துக்காட்டு: இருபத்திரண்டு வயதுப் பையன். நன்றாகப் படித்தவன். சில மாதமாக அறையை விட்டு வருவதில்லை, குளிப்பதில்லை. தனியாகப் பேசிச் சிரிக்கிறான். ‘பக்கத்து வீட்டார் என் சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள்’ என்கிறான்.

இல்லாத குரல் காதில் கேட்பது, நடக்காததை உறுதியாக நம்புவது, தொடர்பில்லாமல் பேசுவது, எதிலும் ஈடுபாடு அற்றுப்போவது ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும். பெண்களில் சிலருக்கு நடு வயதிலும் வரலாம். உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

அவரோடு வாதாட வேண்டாம். ‘குரலே இல்லை’ என்று அவரிடம் அடித்துச் சொன்னால் உங்கள் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கைதான் போகும். ‘எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குக் கேட்பது பயமாகத்தான் இருக்கும், வா மருத்துவரைப் பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். இந்நோய் உள்ளவர்கள் எல்லாரும் அடிப்பவர்கள் என்பது தவறான எண்ணம். பெரும்பாலோர் பயந்துபோனவர்கள்.

சிகிச்சை: மாத்திரை, அல்லது மாதம் ஒரு முறை போன்ற இடைவெளியில் போடும் ஊசி. தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு ஊசி நல்ல வழி. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தொடங்கிய மருந்தைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

இந்த நோயுள்ள மகனையோ மகளையோ இருபது, முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவரும் தாய் தந்தையர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் மனத்தில் ஒரே கேள்வி: ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?’ இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்கு நடக்க முடியும்போதே இவற்றைச் செய்யுங்கள்:

• அடுத்த முறை கிளினிக் போகும்போது இன்னொரு பிள்ளையையோ உறவினரையோ உடன் அழைத்துப் போங்கள். அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள்.
• மருந்தின் பெயர், ஊசி போடும் தேதி, மருத்துவமனை அட்டை ஆகியவற்றை ஒரே உறையில் வைத்து, இடத்தை வீட்டில் சொல்லி வையுங்கள்.
• இரண்டு ஆண்டாவது மனநலச் சிகிச்சை பெற்றவர், மருத்துவரின் உறுதிப்பாட்டுடன் சமூக நல இலாகாவில் ‘ஓகேயு’ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை பற்றியும் அங்கேயே கேளுங்கள்.
• சமையல், துணி துவைத்தல், கடைக்குப் போதல் ஆகியவற்றை அவரே செய்யப் பழக்குங்கள். எல்லாவற்றையும் நீங்களே செய்வது அன்புதான். ஆனால் நீங்கள் இல்லாத நாளில் அது அவருக்கு உதவாது.

ஈ. இருதுருவ மனநோய்
(‘பைபோலார்’)

ஒரு காலம் மனச்சோர்வு, இன்னொரு காலம் அளவுக்கு மீறிய உற்சாகம். உற்சாகக் காலத்தில் தூக்கமே தேவைப்படாது, பேச்சு நிற்காது. சேமிப்புப் பணத்தை ஒரே நாளில் செலவழிப்பார், கடன் வாங்குவார், பெரிய பெரிய திட்டம் போடுவார். தடுத்தால் கோபம் வரும். வீட்டார் இதைத் ‘திமிர்’ என்றோ ‘சாமி வந்திருக்கிறது’ என்றோ நினைத்து விட்டுவிடுவதுண்டு.

மனநிலையைச் சீராக வைக்கும் மருந்துகள் இதற்கு உண்டு. அவற்றுள் ஒன்று லித்தியம். அது சாப்பிடுபவர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கும் முன் ‘லித்தியம் சாப்பிடுகிறேன்’ என்று கட்டாயம் சொல்லுங்கள். சில வலி மாத்திரைகள் உடலில் லித்தியத்தின் அளவை ஆபத்தாக உயர்த்திவிடும்.

உ. மறதி நோயும் திடீர்க் குழப்பமும்
(‘டிமென்ஷியா’, பேச்சு வழக்கில் ‘ஞாஞுக்’)

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயதின் இயல்பு. சாவி எதற்கு என்றே தெரியாமல் போவது நோய். நாற்பது ஆண்டு நடந்த பாதையில் வழி தவறுவது, கேட்டதையே ஐந்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, அடுப்பை அணைக்காமல் விடுவது, மகளைத் தங்கை என்று அழைப்பது ஆகியவை எச்சரிக்கைகள். மேலே சொன்ன 2018 ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது.

மறதி நோய் மெதுவாக, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளரும். முற்றிலும் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. ஆனால் மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் குறைவு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் மாறும். அதனால்தான் ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி விட்டுவிடக் கூடாது.

அவசரம்: நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பிப் பேசினால், இல்லாததைப் பார்த்தால், பகலில் மயங்கி இரவில் அலறினால், அது மறதி நோய் ஆகாது. பேயும் ஆகாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் சளி, இனிப்பு அளவு மிகவும் குறைந்துபோவது, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து, பக்கவாதம் போன்ற ஏதோ ஒன்று உடலில் நடக்கிறது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பலர் தெளிவடைந்துவிடுவார்கள். தாமதித்தால் உயிருக்கு ஆபத்து.

ஊ. குடி நோய்

ஒரு காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. சம்சு எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்று உங்களுக்கே தெரியும். குடியை விட முடியாமல் தவிப்பவரை ‘ஒழுக்கம் இல்லாதவர்’ என்று மட்டும் பார்க்கிறோம். அதுவும் ஒரு நோய், அதற்கும் சிகிச்சை உண்டு. பல வேளைகளில் குடிக்குப் பின்னால் மனச்சோர்வோ பதற்றமோ மறைந்திருக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, குழப்பம், இல்லாததைக் காண்பது ஆகியவை இரண்டு மூன்று நாளுக்குள் வரலாம். உயிரும் போகலாம். சபதம் எடுத்து, மாலை போட்டு நிறுத்த நினைப்பவர், முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தட்டும். மருந்தின் துணையோடு பாதுகாப்பாக நிறுத்தலாம்.

4. கோயிலா, கிளினிக்கா?

வீட்டில் ஒருவருக்கு நடத்தை மாறினால் நாம் முதலில் போவது பூசாரியிடமோ போமோவிடமோதான். செய்வினை, காற்றுக் கருப்பு என்று சொல்லிக் கயிறு கட்டுவார்கள். சாமி கும்பிடுவதால் மனத்துக்குத் தெம்பு கிடைக்கிறது. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அதற்காக மருத்துவத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும், நோயாளியைக் கட்டிப்போடுவதும், அடிப்பதும், பட்டினி போடுவதும் பெரும் ஆபத்து.

நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் உள்ள தர்காவுக்கு, மனநோய் உள்ளவர்களைப் பல மதத்தாரும் நீண்ட காலமாக அழைத்து வருகிறார்கள். அதைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பெருகின. அவற்றில் நோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலை ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அரசு அந்தக் காப்பகங்களை மூடி, அங்கிருந்த 500-க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

பின்னாளில் அதே ஏர்வாடியில் ‘தவா, துவா’ என்ற திட்டம் வந்தது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். தர்காவுக்கு வருபவர்கள் பிரார்த்தனையை விடாமலே அரசு மனநல மருத்துவரையும் பார்க்கிறார்கள்.

நாமும் அப்படியே செய்யலாம். மாரியம்மனுக்கு விளக்கு ஏற்றுங்கள், மாத்திரையையும் வேளைக்குக் கொடுங்கள். கோயில் பூசாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்களிடம் வருபவரிடம் ‘டாக்டரையும் பாருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

5. ‘உயிரோடு இருந்து என்ன பயன்?’ என்று சொன்னால்

மலேசியாவில் மக்கள்தொகைக் கணக்கில் பார்த்தால், தற்கொலை இந்தியர் சமூகத்தில் நெடுங்காலமாகவே மற்றவர்களைவிட அதிகம். தோட்டப்புறம் அந்தத் துக்கத்தை நன்றாக அறியும். இதைப் பேசாமல் மூடி வைப்பதால் யாரையும் காப்பாற்ற முடியாது.

• ஒருவர் ‘நான் போய்விட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்று சொன்னால், பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால், திடீரென எல்லாரிடமும் விடைபெறுவது போலப் பேசினால், அலட்சியம் செய்யாதீர்கள்.
• நேராகக் கேளுங்கள்: ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பேச ஒருவர் கிடைத்த நிம்மதிதான் வரும்.
• அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே கிளினிக்குக்கோ அவசரப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள்.
• வீட்டிலோ கொட்டகையிலோ பழைய களைக்கொல்லி, பூச்சி மருந்துப் போத்தல்கள் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய மருந்தை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். எப்படி ஒப்படைப்பது என்று தோட்ட அலுவலகத்திலோ விவசாய இலாகாவிலோ கேளுங்கள். மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள்.

‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. முயன்றவருக்கு இன்று கிடைக்க வேண்டியது சிகிச்சை.

6. கிளினிக்கில் என்ன சொல்வது?

கோல சிலாங்கூர், ஜெரம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய இடங்களில் அரசாங்கச் சுகாதார கிளினிக் உண்டு. அவசரத்துக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை, சபாக் பெர்ணம் தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனை, உலு சிலாங்கூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கோலகுபு பாரு மருத்துவமனை. குடிமக்களுக்குக் கிளினிக் கட்டணம் 1 ரிங்கிட், சிறப்பு மருத்துவருக்கு 5 ரிங்கிட்.

அடையாள அட்டையையும், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து, ஜாமு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். மனத்தைப் பற்றியும் சொல்லுங்கள். மலாயில் சொல்ல வேண்டியிருந்தால்:

• ‘சாயா தா போலே தீடோர்’ – எனக்குத் தூக்கம் வரவில்லை.
• ‘சாயா செலாலு செடிஹ்’ – எனக்கு எப்போதும் துக்கமாக இருக்கிறது.
• ‘சாயா செலாலு தாகுட்’ – எனக்கு எப்போதும் பயமாக இருக்கிறது.
• ‘சாயா டெங்ஙார் சுவாரா’ – எனக்குக் குரல்கள் கேட்கின்றன.
• ‘சாயா தா மாவு ஹிடுப் லாகி’ – எனக்கு உயிரோடு இருக்க விருப்பமில்லை.

தமிழ் பேசும் தாதியோ மருத்துவரோ இருக்கிறாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மொழிபெயர்க்கச் சின்னப் பேரப்பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள். பிள்ளை முன்னால் மனம்விட்டுப் பேச முடியாது. பிள்ளைக்கும் அது பாரம். மருத்துவரிடம் சொல்வது இரகசியமாகவே இருக்கும். தோட்டத்தில் யாருக்கும் தெரிய வராது.

7. குடும்பத்தார் கவனத்துக்கு

செய்ய வேண்டியவை:
• பொறுமையாகக் கேளுங்கள். அறிவுரை பிறகு சொல்லலாம்.
• மருந்து வேளையையும் கிளினிக் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.
• சிறு வேலை கொடுங்கள்: கீரை ஆய்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மாலையில் பத்து நிமிட நடை.
• பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு தேவை. ஒரு மருமகள் தலையில் மட்டும் எல்லாவற்றையும் கட்டாமல் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை:
• ‘மனசைத் தைரியமா வச்சுக்கோ, எல்லாம் சரியாகிடும்’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். கால் முறிந்தவரை நடக்கச் சொல்வது போன்றது அது.
• ‘கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்’ என்று நோயை மறைத்துத் திருமணம் செய்யாதீர்கள். இரண்டு வாழ்க்கை கெடும்.
• நன்றாகிவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

8. நினைவில் நிற்கிறதா? சரியா, தவறா சொல்லுங்கள்

1. வயதானால் துக்கமாக இருப்பது இயல்பு, சிகிச்சை தேவையில்லை.
2. திடீரென வரும் குழப்பத்துக்கு அன்றே மருத்துவமனை போக வேண்டும்.
3. மனச்சோர்வு மருந்து அடுத்த நாளே வேலை செய்யும்.
4. தற்கொலை எண்ணம் பற்றி நேராகக் கேட்பது ஆபத்து.
5. சாமியும் கும்பிடலாம், மருந்தும் சாப்பிடலாம்.

விடை: 1 தவறு. 2 சரி. 3 தவறு. 4 தவறு. 5 சரி.

உதவிக்கு அழைக்க

• உயிருக்கு ஆபத்தான அவசரம்: 999
• சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ‘ஹீல்’: 15555
• தாலியான் காசே: 15999
• பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929

இந்த எண்களை வெட்டி, வீட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். படித்து முடித்ததும் இந்தக் கையேட்டைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் இருந்தால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். வெளியே வராமல் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள்.